பச்சைப் பொத்தான்

உலகத்தில் சொல்லிக் கொடுப்பதற்கு மிகச் சுலபமான வித்தை எது என்று சென்ற வருஷம் யாராவது என்னைக் கேட்டிருந்தால், "கைப்பேசியில் பேசக் கற்றுக் கொடுப்பதுதான்" என்று யோசிக்காமலே பதில் சொல்லியிருப்பேன். பால் மணம் மாறாத குழந்தைகள் எல்லாம் அதை எடுத்து வைத்துக்கொண்டு படம் பார்க்கின்றனவே, இதில் கற்பதற்குத்தான் என்ன இருக்கிறது, கற்பிப்பதற்குத்தான் என்ன இருக்கிறது என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் எவ்வளவு பிசகு என்பதை 74 வயதான என் அத்தையிடமிருந்து தெரிந்து கொண்டேன். பாடம் சொல்லப் போனவன் நான்; பாடம் கேட்டுக்கொண்டு திரும்பியவனும் நானேதான். அந்தக் கதையை ஒளிவு மறைவின்றி நேயர்களுக்குச் சொல்லி விடுகிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

அத்தை இருப்பது கும்பகோணத்துக்குச் சமீபத்தில் ஒரு கிராமம். அத்திம்பேர் காலமாகி ஏழு வருஷம் ஆகிறது. ஒரே பெண் புனேயில் குடித்தனம் செய்கிறாள். "இங்கே வந்து இரு அம்மா" என்று அவள் கூப்பிடாத மாதமில்லை. "கொல்லையில் இருக்கிற மல்லிகைக்கு யார் தண்ணீர் விடுவார்கள்?" என்று அத்தை கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. வீட்டில் பழைய டெலிபோன் ஒன்று இருந்தது. அது ஒரு மழைக்காலத்தில் மௌனவிரதம் பூண்டது. பிறகு விரதத்தை முடிக்கவே இல்லை.

ஆகையால், போன தீபாவளிக்கு நான் ஊருக்குப் போனபோது கொஞ்சம் விலை உயர்ந்த கைப்பேசியாகவே வாங்கிக்கொண்டு போனேன். பொத்தானே இல்லாமல் முகமெல்லாம் கண்ணாடியாக இருக்கிறதே, அந்த ஜாதி. ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கால் மணியில் பாடத்தை முடித்தேன். "இப்படித் தள்ள வேண்டும், இப்படித் தொட வேண்டும், இங்கே போனால் படம், அங்கே போனால் பாட்டு. புரிந்ததா, அத்தை?" என்று கேட்டேன்.

"புரிந்ததடா, அப்பா" என்றாள் அத்தை.

புரிந்தது என்று சொல்லுகிறவர்களில் பாதிப் பேர், எதிராளியின் நேரத்தை வீணாக்க வேண்டாமே என்ற கருணையினால்தான் அப்படிச் சொல்லுகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

* * *

தை மாதத்தில் அத்தையின் தங்கைக்கு மதுரையில் உடம்பு மிகவும் அசௌக்கியமாயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவள், "அக்காவோடு ஒரு வார்த்தை பேச வேண்டும்" என்றாளாம். பக்கத்திலிருந்தவர்கள் அத்தையின் நம்பரைப் போட்டுக் கொடுத்தார்கள். இங்கே கிராமத்தில் அத்தையின் கையில் கைப்பேசி மணி அடித்தது. கண்ணாடியின் மேல் பச்சையாக ஒரு வட்டம் தெரிந்தது. அத்தை அதை அழுத்தினாள். பலமாக அழுத்தினாள். மணி ஓயவில்லை, பேச்சும் கேட்கவில்லை. அந்த வட்டத்தை அழுத்தக் கூடாது, விரலை வைத்து மேலே இழுக்க வேண்டும் என்பது என்னுடைய கால் மணிப் பாடத்தில் ஏதோ ஒரு மூலையில் இருந்தது. அது அத்தையின் ஞாபகத்தில் நிற்கவில்லை. நிற்கும்படி நான் சொல்லவும் இல்லை.

மணி ஓய்ந்தது, மறுபடி அடித்தது, மறுபடியும் ஓய்ந்தது. அடுத்த வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிறகுதான் திருப்பிக் கூப்பிட முடிந்தது. அதற்குள் மதுரையில் நோயாளிக்குப் பிரக்ஞை தப்பிவிட்டது. இரண்டு நாளில் எல்லாம் முடிந்து போயிற்று.

காரியங்களெல்லாம் ஆன பிறகு நான் அத்தையைப் பார்க்கப் போனேன். அத்தை அழவில்லை, என்னைக் கோபிக்கவும் இல்லை. "மூன்று தடவை அடித்ததடா. கையிலேதான் இருந்தது" என்று மாத்திரம் சொன்னாள்.

கோபித்திருந்தால் தேவலை என்று தோன்றிற்று.

* * *

மறுநாளே கும்பகோணம் கடைத்தெருவுக்குப் போய், பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசி ஒன்றை வாங்கி வந்தேன். ஆபீசுக்குப் பத்து நாள் லீவு எழுதிப் போட்டேன். இந்தத் தடவை முறையாகச் சொல்லிக் கொடுப்பது என்று சங்கல்பம்.

முதல் நாள் காலையில் அத்தை அந்தக் கருவியை ஊஞ்சல் பலகையின் மேல் வைத்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அதைப் பாம்பைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"ஏண்டா, தப்பாக எதையாவது அழுத்தினால் உடைந்து போகுமா?"

இந்தக் கேள்வியை அற்பமாக நினைக்கக் கூடாது. வயதானவர்களின் கையைக் கட்டிப் போடுவது அறியாமையல்ல, இந்தப் பயந்தான். பிறர் காசில் வந்த சாமான், கெட்டுப் போனால் என்ன செய்வது என்ற பயம். ஆகையால் முதல் பாடமாக, எந்தப் பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் கருவி உடையாது என்பதையே வைத்துக் கொண்டேன். வழி தவறிப் போனால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். அது பழைய இடத்துக்கே கொண்டு வந்து விட்டுவிடும். இதைச் சொன்னதும் அத்தைக்குப் பாதிப் பயம் தெளிந்தது. "அப்படியானால் அது தாய் வீடு என்று சொல்லு" என்றாள்.

இரண்டாவது சந்தேகம், கம்பியில்லாமல் குரல் எப்படி வருகிறது என்பது. "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு, அத்தை?" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளையாக அடக்கிக் கொண்டேன். ஊர்க் கோடியில் நிற்கும் கோபுரத்தைக் காட்டினேன். தேசத்தைத் தேன்கூடு மாதிரிச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, அறைக்கு ஒரு கோபுரம் வைத்திருக்கிறார்கள். நம் குரல் அலையாக மாறி, பக்கத்துக் கோபுரத்துக்குப் போய்ச் சேருகிறது. அங்கிருந்து பூமிக்குள் ஓடும் கம்பிகளின் வழியாகத் தூர தேசத்துக் கோபுரத்துக்குப் போய், அங்கே மறுபடியும் அலையாகிறது. அறைக்கு இங்கிலீஷில் 'செல்' என்று பெயர். அதனால்தான் இதற்கும் அந்தப் பெயர். நம் புலவர்கள் கைப்பேசி, அலைபேசி, செல்லிடப்பேசி என்று மூன்று அழகான பெயர்களைத் தந்திருக்கிறார்கள். ஜனங்கள் மூன்றையும் வணங்கி ஒதுக்கி வைத்துவிட்டு, 'செல்' என்றே சொல்லி வருகிறார்கள்.

இந்த அறைகளின் யோசனை அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச்சாலையில் 1947-ஆம் வருஷத்தில், அதாவது நமக்குச் சுதந்திரம் வந்த அதே வருஷத்தில், காகிதத்தில் எழுதப்பட்டது. கையிலெடுத்துக் கொண்டு நடக்கும் டெலிபோனில் முதன் முதலாகப் பேசியவர் மார்ட்டின் கூப்பர் என்பவர். 1973 ஏப்ரல் 3-ந் தேதி, நியூயார்க் நகரத் தெருவில் நின்றுகொண்டு, கிலோவுக்கு மேல் கனமுள்ள ஒரு கருவியைக் காதில் வைத்துக்கொண்டு, தமக்குப் போட்டியாகப் பெல் ஆராய்ச்சிச்சாலையில் இதே முயற்சியில் ஈடுபட்டிருந்த ஜோயல் எங்கல் என்பவரைக் கூப்பிட்டார். மனுஷ்ய சுபாவம் எவ்வளவு மாறாதது பாருங்கள்! நம் தேசத்தில் முதல் கைப்பேசிப் பேச்சு 1995 ஜூலை 31-ந் தேதி நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல் மந்திரி ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால், அதே கல்கத்தாவில்தான் ஜகதீச சந்திர போஸ் கம்பியில்லாமல் அலைகளைச் சுவருக்கு அப்பால் அனுப்பி மணி அடிக்கச் செய்து காட்டினார்.

"அப்படியென்றால் முதல் மணி நம் ஊரில்தான் அடித்திருக்கிறது" என்றாள் அத்தை, திருப்தியுடன். ஊஞ்சல் பலகையில் கொஞ்சம் நெருங்கியும் உட்கார்ந்தாள்.

* * *

அன்றையப் பாடம் ஒன்றே ஒன்று: மணி அடித்தால் பச்சைப் பொத்தான். வேறு எதுவும் இல்லை. நான் குளக்கரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து இருபது தடவை கூப்பிட்டேன். முதல் இரண்டு தடவை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை, "ஹலோ" என்ற நடுங்கிய குரல். பத்தாவது தடவைக்கு மேல் நடுக்கம் நின்றது. இருபதாவது தடவை, "போதும், வீட்டுக்கு வா. காபி ஆறுகிறது" என்று உத்தரவு பிறந்தது.

இரண்டாம் நாள் நம்பர் போடும் பாடம். கண்ணில் சதை வளர்ந்து இரண்டு வருஷத்துக்கு முன் சிகிச்சை செய்துகொண்டவளாதலால், அத்தைக்குப் பொத்தானின் மேலிருந்த எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கருவியை எடுத்துத் தடவிப் பார்த்தவள், "நடுவில் ஏதோ ஒரு பரு இருக்கிறதே?" என்றாள். இத்தனை வருஷமாகக் கைப்பேசி வைத்திருக்கும் எனக்கு அது தெரியாது. 5 என்ற பொத்தானின் மேல் சிறிய மேடு ஒன்று இருக்கிறது. கண் தெரியாதவர்களும் இருட்டில் இருப்பவர்களும் விரலால் அறிந்து கொள்வதற்காக வைத்தது. அதற்கு மேலே 2, கீழே 8, இடப்புறம் 4, வலப்புறம் 6. பல்லாங்குழி ஆடிய விரல்களுக்கு இந்தக் கணக்குப் பிரமாதமா? நட்சத்திரக் குறி போட்ட பொத்தானுக்குப் 'பூப் பொத்தான்' என்றும், குறுக்கும் நெடுக்குமாய்க் கோடு போட்டதற்குக் 'கோலப் பொத்தான்' என்றும் அத்தை பெயர் சூட்டினாள். கோலப் பொத்தானை வெகு நேரம் அழுத்திக்கொண்டிருந்தால் கருவி மணியடிக்காமல் மௌனமாகிவிடும் என்பதையும் கண்டுபிடித்தாள். பல கைப்பேசிகளில் இந்தக் குணம் உண்டு. "மணியே வரவில்லை" என்று முறையிடும் பெரியவர்களில் சிலருடைய சங்கடத்துக்கு இதுவே காரணம்.

மூன்றாம் நாள்தான் எனக்குப் பாடம் கிடைத்தது.

அன்று சிவப்புப் பொத்தானின் பாடம். பேசி முடித்ததும் அதை அழுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு, வழக்கம் போல் குளக்கரையிலிருந்து கூப்பிட்டேன். பேசினோம். "சரி, வைத்து விடுகிறேன்" என்றாள் அத்தை. ஆனால் வைக்கவில்லை, அப்படியே ஊஞ்சலில் போட்டுவிட்டாள். அடுத்த வீட்டு அம்மாள் வந்திருப்பாள் போலிருக்கிறது. அவளுடைய குரலும் அத்தையின் குரலும் என் காதில் தெளிவாக விழுந்தன.

"எப்படி, பாடமெல்லாம் நடக்கிறதா?"

"நடக்கிறது. பையன் தங்கமானவன். ஆனால் பொறுமைதான் கிடையாது. நான் ஒன்றைத் தேடுவதற்குள் 'இப்படிக் கொடுங்கள்' என்று கையிலிருந்து பிடுங்கி, அவனே செய்துவிட்டு, 'பார்த்தீர்களா?' என்கிறான். அவன் செய்தால் அவனுக்கல்லவா வரும்? நான் அவனுக்குச் சைக்கிள் விடக் கற்றுக் கொடுத்தபோது, நானா ஏறி ஓட்டிக் காட்டினேன்? பின்னாலே பிடித்துக்கொண்டு ஓடினேன்."

ஒட்டுக் கேட்பது தவறுதான். ஆனால் அன்று ஒட்டுக் கேட்டிராவிட்டால் இன்று இந்தக் கட்டுரை இல்லை. குளக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் மணியில் கண்ணாடிக் கைப்பேசியைக் காட்டிவிட்டு ரயிலுக்கு ஓடினவனைப் பற்றி யோசித்தேன். அன்றும் கருவி அத்தையின் கையில் இரண்டு நிமிஷங்கூட இருக்கவில்லை. என் கையில்தான் இருந்தது.

அன்று முதல் நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக் கொண்டேன். சொல்வது மாத்திரம் என் வேலை. செய்வதெல்லாம் அத்தையின் வேலை. ஒரு பொத்தானைத் தேட ஐந்து நிமிஷம் ஆனாலும் வாயைத் திறப்பதில்லை. மௌனமாயிருப்பது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது அந்த வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

* * *

கையைக் கட்டிக் கொண்ட பிறகு வித்தை வேகமாக வளர்ந்தது. கருவிக்குள் பாஷையைத் தமிழுக்கு மாற்றிக் கொள்ளும் இடம் ஒன்று இருந்தது, மாற்றினோம். பெயர்களைத் தமிழிலேயே எழுதிச் சேர்த்தோம். 2-ஐச் சற்று நேரம் அழுத்தினால் பெண்ணுக்கும், 3-ஐ அழுத்தினால் எனக்கும், 4-ஐ அழுத்தினால் அடுத்த வீட்டுக்கும், 5-ஐ அழுத்தினால் டாக்டருக்கும் போகும்படி ஏற்பாடு செய்துகொண்டாள். ஆம்புலன்ஸுக்கு 108, எந்த ஆபத்துக்கும் 112 என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். எல்லாம் முடிந்ததும், "அவள் பெயரையும் போட்டு வைக்கிறேன்" என்றாள் அத்தை. தங்கையின் பெயரைத்தான் சொன்னாள். ஒவ்வோர் எழுத்தாக அவளே தேடிப் போட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, எடுக்கத் தவறிய அழைப்புகளைப் பார்க்கும் பாடம். இதற்கு அத்தை மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்துக் கொண்டாள். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். காரணம் எனக்குத் தெரியுமாதலால் நான் அவசரப்படுத்தவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, தவறிய அழைப்புக்கு நம் தேசத்தில் ஒரு சரித்திரமே உண்டு என்று சொன்னேன். ஆரம்ப வருஷங்களில் கூப்பிடுகிறவருக்கும் காசு, எடுக்கிறவருக்கும் காசு. 2003-ல்தான் எடுக்கிறவருக்குச் செலவில்லை என்று ஆயிற்று. அந்தச் சிக்கனத்தில் பிறந்ததுதான் 'மிஸ்டு கால்' என்னும் மகத்தான சாஸ்திரம். ஒரு மணி அடித்து நிறுத்தினால் 'வந்து சேர்ந்தேன்', இரண்டு அடித்தால் 'நீயே கூப்பிடு' என்று, பைசா செலவில்லாமல் கோடிக்கணக்கான ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

செய்தி எழுதும் பாடத்தில் ஒரு வாக்குவாதம் நேர்ந்தது. 1992 டிசம்பர் 3-ந் தேதி இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்தாகப் போன முதல் செய்தி தொட்டு, ஒரு செய்திக்கு 160 இங்கிலீஷ் எழுத்து என்பது அளவு. தமிழில் எழுதினால் 70 குறிகள்தான் கொள்ளும். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'அத்தை' என்ற மூன்று எழுத்து, கருவியின் கணக்கில் ஐந்து. "தலையில் வைக்கிற பொட்டுக்குக் கூடவா கணக்கு?" என்று அத்தைக்கு ஒரே கோபம். செய்தி எழுதுவதில்லை, பேசிவிடுவது என்று முடிவு செய்தாள். அந்த முடிவில் எனக்குச் சம்மதமே.

கடைசியாக, எச்சரிக்கைப் பாடம். பாங்கியிலிருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் சொல்லவே கூடாது. எந்தப் பாங்கியும் அதைக் கேட்பதில்லை. போலீஸ் என்றும் கோர்ட்டு என்றும் பயமுறுத்தி, 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்திருக்கிறோம், வீட்டை விட்டு நகராதே என்று சொல்லும் மோசக்காரர்கள் இந்நாளில் பெருகியிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதம மந்திரியே வானொலியில் இதைப் பற்றி எச்சரித்தார். டெலிபோனில் ஒருவரைக் கைது செய்வதென்பது நம் சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற நம்பரைக் கூப்பிட வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அப்படி யாராவது பேசினால் என்ன செய்வீர்கள், அத்தை?" என்று பரீட்சை வைத்தேன்.

"சிவப்புப் பொத்தான் எதற்கு இருக்கிறது?" என்றாள் அத்தை.

நூற்றுக்கு நூறு மார்க்குக் கொடுத்தேன்.

* * *

நேயர்கள் பலருடைய வீட்டிலும் ஓர் அத்தையோ, தாத்தாவோ, அம்மாவோ இருப்பார்கள். அவர்களுக்கு விலை உயர்ந்த கருவி ஒன்றைப் பரிசளித்துவிட்டு, கடமை தீர்ந்தது என்று நாம் நினைக்கிறோம். கருவியைக் கொடுப்பது கடையில் பணம் கட்டினால் முடிந்து போகிற காரியம். நேரத்தைக் கொடுப்பதுதான் தானம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாடத்துக்கு மேல் சொல்லாதீர்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், வெளியே போய் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். மிக முக்கியமாக, கையிலிருந்து பிடுங்காதீர்கள். நமக்கு நடக்கவும், சாப்பிடவும், சைக்கிள் விடவும் கற்றுக் கொடுத்தபோது அவர்கள் எதையும் பிடுங்கவில்லை.

நான் பட்டணம் திரும்பிய மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு என் கைப்பேசி அடித்தது. அத்தையின் பெயர் தெரிந்தது. அந்த வேளையில் கூப்பிட்டால் நல்ல சமாசாரமாக இராதே என்று பதறிப் போய் எடுத்து, "என்ன அத்தை? என்ன ஆயிற்று?" என்றேன்.

"ஒன்றும் ஆகவில்லையடா. மல்லிகை பூத்திருக்கிறது. சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள் அத்தை.

நான் பதில் சொல்வதற்குள் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள்.